பேஜரில் பிறந்த இதயம்: ஒரு ஜப்பானியக் கதை

செல்போனில் மெசேஜ் அனுப்பும்போது கடைசியில் ஒரு சிரிக்கும் முகத்தையோ இதயத்தையோ சேர்த்து அனுப்புவது இன்று எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். இதை ஆரம்பித்து வைத்தது ஆப்பிளோ ஃபேஸ்புக்கோதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. 'எமோஜி' என்ற பெயரே ஜப்பானிய மொழிதான். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. எமோஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

ஐபோன் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஜப்பானியர்கள் கையடக்கக் கருவியில் இன்டர்நெட் பார்த்தார்கள், பாட்டு இறக்கினார்கள், நாவல் கூடப் படித்தார்கள். அதற்கெல்லாம் வழி காட்டியவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல, பள்ளிக்கூட மாணவிகள். அது எப்படி என்று பார்ப்போம்.

நம்பரில் பேசிய பெண்கள்

ஜப்பானில் பேஜர் சேவை 1968-ல் தொடங்கியது. 'பாக்கெட் பெல்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியர்கள் அதைச் சுருக்கி 'போகெபெரு' என்று கூப்பிட்டார்கள். முதலில் அது வெறுமனே 'பீப்' என்று சத்தம் மட்டும்தான் போடும். சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கும் பொதுத் தொலைபேசிக்கு ஓடி ஆபீசுக்குப் பேச வேண்டும். வெளியே அலையும் சேல்ஸ்மேன்களுக்கும் டாக்டர்களுக்கும் செய்த கருவி அது.

1980-களின் கடைசியில் சின்னத் திரையுடன் பேஜர்கள் வந்தன. திரும்பக் கூப்பிட வேண்டிய நம்பர் அதில் தெரியும். கம்பெனிக்காரர்களின் கற்பனை அதோடு நின்றுவிட்டது. ஆனால் 1990-களில் பேஜர் உயர்நிலைப் பள்ளி மாணவிகளின் கைக்கு வந்ததும் கதையே மாறியது.

ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்புகள் உண்டு. 8-ஐ 'ஹாச்சி' என்பார்கள், சுருக்கினால் 'ஹா'. 4 என்பது 'யோன்', சுருக்கினால் 'யோ'. பூஜ்யம் வட்டமாக இருப்பதால் 'ஓ'. ஆக 0840 என்று அனுப்பினால் 'ஓஹாயோ', அதாவது காலை வணக்கம்! 724106 என்றால் 'நானி ஷிதெரு', என்ன பண்ணிட்டிருக்கே? 3341 என்றால் 'சமிஷீ', தனிமையாக இருக்கிறது. 14106 என்றால் 'ஐ ஷிதெரு', உன்னைக் காதலிக்கிறேன்.

வெறும் தொலைபேசி எண்ணைக் காட்டுவதற்கு என்று செய்த திரையில் இப்படி ஒரு மொழியே உருவானது. பள்ளி இடைவேளையில் பொதுத் தொலைபேசி முன்னால் மாணவிகள் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் பேச வேண்டியதில்லை, தோழியின் பேஜருக்கு நம்பர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்!

அடுத்து வந்த பேஜர்களில் இரண்டு எண்களைத் தட்டினால் ஓர் எழுத்து வரும். இந்த முறை தமிழ் படித்தவர்களுக்கு உடனே புரியும். நம் உயிர்மெய் அட்டவணையைப் போலவே ஜப்பானிய எழுத்துகளுக்கும் ஓர் அட்டவணை உண்டு. முதல் எண் எந்த வரிசை, இரண்டாவது எண் அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து. 21 என்றால் 'க', 22 என்றால் 'கி', 23 என்றால் 'கு'. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்து, பட்டனைப் பார்க்காமலே மாணவிகள் தட்டினார்கள். 1996-ல் ஜப்பானில் பேஜர் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள்.

காணாமல் போன இதயம்

இங்கேதான் டோகோமோ கம்பெனி வருகிறது. நம் ஊரில் இந்தப் பெயர் பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2009-ல் ஒரு விநாடிக்கு ஒரு பைசா என்று விளம்பரம் செய்த டாடா டோகோமோவில் டாடாவின் ஜப்பானியக் கூட்டாளி இவர்கள்தான்.

டோகோமோவின் பேஜரில் ஓர் இதயக் குறி இருந்தது. மாணவிகளுக்கு அது உயிர். பிறகு, வியாபாரிகளையும் அலுவலகங்களையும் மனதில் வைத்து, சீன எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளும் வரும் புது மாடலை டோகோமோ கொண்டுவந்தது. அதில் இதயம் இல்லை. அவ்வளவுதான், மாணவிகள் கூட்டமாகப் போட்டி கம்பெனிக்கு மாறிவிட்டார்கள்! அப்போது டோகோமோவில் வேலை பார்த்த ஷிகெடகா குரிடா என்ற இளைஞர் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. ஒரு சின்னக் குறி வாடிக்கையாளரை வைத்திருக்கவும் செய்யும், துரத்தவும் செய்யும் என்று அவர் அன்றைக்குப் புரிந்துகொண்டார்.

ஐ-மோட் வந்தது

1997-ல் டோகோமோ செல்போனில் இன்டர்நெட் கொண்டுவரும் வேலையைக் கெய்ச்சி எனோகி என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் வெளியிலிருந்து ஆட்களைச் சேர்த்தார். ஒருவர் மாரி மட்சுனாகா. வேலைவாய்ப்புப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பெண்மணி, கம்ப்யூட்டர் ஆள் அல்ல. இன்னொருவர் தகேஷி நட்சுனோ. எம்.பி.ஏ. படித்துவிட்டு ஓர் இன்டர்நெட் கம்பெனியில் இருந்தவர். நல்ல ஹோட்டலில் விருந்தினர் கேட்பதையெல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஊழியரைப் போல செல்போன் இருக்க வேண்டும் என்பது மட்சுனாகாவின் யோசனை.

1999 பிப்ரவரி 22-ல் ஐ-மோட் தொடங்கியது. வேகம் விநாடிக்கு 9,600 பிட்தான். ஒரு மெயிலில் 250 எழுத்துகள்தான் அனுப்பலாம். ஆனாலும் 2000 ஆகஸ்டிலேயே சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள்.

அதே சமயத்தில் ஐரோப்பாவிலும் 'வாப்' என்ற முறையில் செல்போன் இன்டர்நெட் வந்தது. அது ஏன் தோற்றது? காரணம் கணக்கில் இருக்கிறது. வாப் முறையில் அப்போது நிமிடக் கணக்கில் பணம் வாங்கினார்கள். பக்கம் மெதுவாகத் திறந்துகொண்டிருக்கும்போதும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஐ-மோட்டில் மாதம் 300 யென், அதற்குமேல் 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 0.3 யென். எவ்வளவு நேரம் பார்த்தாலும் பரவாயில்லை, எவ்வளவு தகவல் வந்தது என்பதுதான் கணக்கு.

இதைவிட முக்கியமானது பங்குப் பிரிவினை. மாதம் 300 யென் வரை கட்டணம் வைக்கும் தளங்களுக்கு டோகோமோவே போன் பில்லோடு சேர்த்துப் பணத்தை வசூலித்துக் கொடுத்தது. கமிஷன் 9 சதவீதம் மட்டுமே. 300 யென்னில் டோகோமோவுக்கு 27 யென், தளம் நடத்துபவருக்கு 273 யென்! 2008-ல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது எடுத்துக்கொண்டது 30 சதவீதம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொம்மை கம்பெனியான பண்டாய் மாதம் 100 யென்னுக்குத் தினமும் ஒரு கார்ட்டூன் படம் அனுப்பியே நல்ல வியாபாரம் செய்தது. ஐ-மோட் பக்கங்கள் சாதாரண எச்.டி.எம்.எல்-ன் சுருங்கிய வடிவம்தான். அதனால் யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் சொந்தமாகத் தளம் போட முடிந்தது.

144 புள்ளிகள்

சரி, அந்த இதயம் என்ன ஆனது? ஐ-மோட் குழுவில் குரிடாவும் இருந்தார். ஓவியமோ டிசைனோ படித்தவர் அல்ல, பொருளாதாரம் படித்தவர். 250 எழுத்து மெயிலில் கோபமா கிண்டலா என்று தெரியாமல் சண்டை வந்துவிடும் என்று அவர் யோசித்தார். வானிலைச் செய்தியில் 'மழை' என்று எழுதுவதைவிட ஒரு குடை போட்டால் இடமும் மிச்சம். அகலத்தில் 12, உயரத்தில் 12, மொத்தம் 144 புள்ளிகளுக்குள் 176 படங்கள் உருவாயின. காமிக்ஸில் வரும் குறிகள், தெருவில் இருக்கும் அறிவிப்புப் பலகைகள் எல்லாம் மாதிரியாக இருந்தன. படத்தை அப்படியே அனுப்பினால் பாக்கெட் செலவு கூடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எழுத்தைப் போலவே 2 பைட் குறியீடு மட்டும் அனுப்பினார்கள். இந்த முறை இதயத்தை மறக்கவில்லை!

குரிடாதான் முதல் எமோஜியை உருவாக்கினார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியல்ல. ஜே-போன் என்ற போட்டி கம்பெனி 1997-லேயே 90 படங்களுடன் ஒரு போன் விட்டது. அந்த போன் அதிகம் விற்கவில்லை. கோடிக்கணக்கான கைகளுக்கு எமோஜியைக் கொண்டுபோனது ஐ-மோட்தான். 2016-ல் அந்த 176 படங்களையும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

கட்டைவிரல் நாவல்கள்

பாக்கெட் கணக்கிலும் ஒரு ஆபத்து இருந்தது. அதிகம் பார்த்தால் பில் எகிறிவிடும். 'பாக்கெட் சாவு' என்று இதற்கு ஒரு பெயரே உண்டு! 2003-ல் கே.டி.டி.ஐ.யும் 2004-ல் டோகோமோவும் அளவில்லாமல் பார்க்கும் மாதக் கட்டணத்தைக் கொண்டுவந்த பிறகு இந்தப் பயம் போனது. அதன் பலன்தான் செல்போன் நாவல். இளம்பெண்கள் ரயிலில் போகும்போது கட்டைவிரலால் தட்டித் தட்டித் தொடர்கதை எழுதினார்கள். மிகா என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய 'கோய்சோரா' 2006-ல் புத்தகமாகி, 2007-ல் சினிமாவும் ஆனது. 2007-ல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து செல்போனில் எழுதப்பட்டவை. இதெல்லாம் இலக்கியமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். வாங்கிப் படித்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எங்கே தவறியது?

இவ்வளவு முன்னால் இருந்தவர்கள் ஏன் உலகத்தைப் பிடிக்கவில்லை? டோகோமோ முயற்சி செய்யாமல் இல்லை. அமெரிக்காவின் ஏ.டி.அண்டு டி. வயர்லெஸ் கம்பெனியில் மட்டும் 16 சதவீதப் பங்கை சுமார் 980 கோடி டாலருக்கு வாங்கியது. ஐரோப்பாவிலும் பங்குகள் வாங்கியது. பெரும் நஷ்டம்தான் மிஞ்சியது. ஜப்பானில் போன் எப்படி இருக்க வேண்டும் என்று டோகோமோ சொல்ல, கம்பெனிகள் அப்படியே செய்து கொடுத்தன. வெளிநாட்டில் நோக்கியா போன்ற போன் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. பங்கை வாங்கலாம், அந்தப் பிடியை வாங்க முடியாது. அந்த மாணவிகளையும் வாங்க முடியாது.

2008 ஜூலை 11-ல் ஐபோன் ஜப்பானுக்கு வந்தது. விற்றது டோகோமோ அல்ல, சாஃப்ட்பேங்க். எமோஜி இல்லாத போனை ஜப்பானில் விற்பது கஷ்டம் என்று புரிந்து, அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் ஜப்பானியர்களுக்காக எமோஜியைச் சேர்த்தது. 2010-ல் அது யூனிகோடிலும் இடம்பிடித்து உலகம் முழுவதற்கும் பொதுவானது. டோகோமோ 2013-ல்தான் ஐபோன் விற்க ஆரம்பித்தது. ஐ-மோட் சேவைக்கு 2026 மார்ச் 31 கடைசி நாள் என்று 2019-லேயே அறிவித்தும்விட்டது.

அந்த 2019-ல்தான் ஜப்பானின் கடைசி பேஜர் சேவையும் நின்றது. அதற்கு டோக்கியோவின் அகிஹபாரா ரயில் நிலையம் பக்கத்தில் இறுதி அஞ்சலியே நடந்தது. பேஜரின் படத்துக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்று வெள்ளைப் பூ வைத்தார்கள். படத்தில் இருந்த பேஜரின் திரையில் 1141064 என்று ஒரு நம்பர். 'உன்னைக் காதலித்தோம்' என்று அர்த்தம். அங்கே நின்றவர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருந்திருக்காது.