மாவுப் பானை போன வழி

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் ஓர் ஏழைப் பிராமணன் வருகிறான். பிச்சையாகக் கிடைத்த மாவில் தின்றது போக மிச்சத்தை ஒரு பானையில் சேர்த்து, கட்டிலுக்கு நேர் மேலே முளையில் மாட்டிவிட்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி படுத்திருக்கிறான். பஞ்சம் வரும், மாவு நூறு காசுக்கு விலைபோகும். இரண்டு ஆடு வாங்கலாம். ஆடு மாடாகும், மாடு எருமையாகும், எருமை குதிரையாகும், குதிரை பொன்னாகும். நாலுகட்டு வீடு, மனைவி, பிள்ளை. பிள்ளைக்குச் சோமசர்மா என்று பெயர்கூட வைத்தாயிற்று. குழந்தை தவழ்ந்து குதிரைக் குளம்படிக்குப் பக்கத்தில் போகிறது. "பிள்ளையைத் தூக்கு" என்கிறான். வேலையில் இருக்கும் மனைவியின் காதில் விழவில்லை. ஆத்திரத்தில் ஓர் உதை விடுகிறான். உதைத்தது கனவில், உடைந்தது நிஜப் பானை. உச்சி முதல் உள்ளங்கால் வரை மாவு.

ஆசை எப்படிப்பட்டது என்று கதை ஓரிடத்திலும் விளக்கவில்லை. எடையுள்ள, உடையக்கூடிய ஒரு பொருளில் அதை ஏற்றித் தலைக்கு மேல் தொங்கவிட்டுவிடுகிறது. குறியீடு என்று நாம் பாடம் நடத்துவதன் முழு வேலையும் இந்த ஒரு பானையில் நடந்துவிடுகிறது. அதனால்தான் அது மொழி தெரியாத ஊர்களிலும் புழங்க முடிந்தது.

6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோவின் காலத்தில், புர்ஸோய் என்ற மருத்துவர் இந்தக் கதைகளைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். அந்த நூல் அழிந்துவிட்டது. அதைப் பார்த்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அரபியில் எழுதிய 'கலீலா வ திம்னா' நிலைத்தது. அரபியில் பானைக்குள் தேனும் நெய்யும் இருக்கின்றன. சொல்லும் ஆளும் மாறுகிறார்: பிறக்கப்போவது ஆண் பிள்ளைதான் என்று துள்ளும் கணவனிடம் கர்ப்பிணி மனைவி இந்தக் கதையைச் சொல்லி அடக்குகிறாள். கதைக்குள் கதை வைக்கும் உத்தி இவ்வளவு பொருத்தமாக அமைவது அரிது. ஆனால் உதை போய்க் கைத்தடி வந்துவிட்டது. அடங்காத மகனை அடிக்க ஓங்கிய தடி பானையில் பட்டு, தேன் முகத்தில் வழிகிறது. எனக்குப் பழைய உதைதான் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அதில் பிறக்காத குழந்தைக்காகப் பதறும் தகப்பன் இருக்கிறான். தடியில் கண்டிப்பு மட்டுமே இருக்கிறது.

அந்த உதையும் அழிந்துவிடவில்லை. 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளில் நாவிதனின் சகோதரன் ஒருவன், கண்ணாடிச் சாமான்கள் நிறைந்த கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, மந்திரி மகளை மணந்துவிட்டதாக நினைத்து, அவளைக் காலால் எத்துகிறான். ஏடுகளில் தொலைந்தது வாய்மொழியாகப் பிழைத்திருக்கும் என்பது என் ஊகம்.

1251இல் 'கலீலா' ஸ்பானிய மொழிக்குப் போனது. 1335இல் தொன் ஹுவான் மனுவேல் என்ற பிரபு அங்கே செய்த மாற்றம்தான் இந்தப் பயணத்திலேயே பெரியது. படுத்திருந்த ஆணை எடுத்துவிட்டு, தேன் பானையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். பானை மேலே தொங்கும்வரை அதை உடைக்க ஒரு காலோ கையோ நீள வேண்டியிருந்தது. தலைக்கு வந்ததும் ஒரு சிரிப்பு போதும். மருமகன்கள் புடைசூழப் போவதை நினைத்துச் சிரித்து அவள் நெற்றியில் தட்டிக்கொள்கிறாள், பானை விழுகிறது. கனவு காண்பவரும் பானையும் ஒரே உடம்பாகிவிட்ட பிறகு இந்தக் கதை நடக்கவே தொடங்கிவிட்டது. 1534இல் போர்ச்சுகலின் ஜில் விசெந்தே நாடகத்தில் அதே பானையில் எண்ணெய், அதே தலையில் ஆட்டம்.

1678இல் பிரான்ஸில் லா ஃபோந்தேன் அதில் பாலை ஊற்றினார். பெர்ரெத் என்ற பெண், பாலை விற்று முட்டை, கோழி, பன்றி, பசு, கன்று என்று கணக்கைக் கூட்டிக்கொண்டே போகிறாள். கன்று துள்ளுவதை நினைத்துத் தானும் துள்ளுகிறாள். அவ்வளவுதான். அந்தத் தொகுப்பின் முன்னுரையில், தன் கதைகளில் பெரும்பகுதிக்கு இந்திய ஞானி பில்பைக்குக் கடன்பட்டிருப்பதாக அவர் எழுதினார். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் சோம்பேறி ஹைன்ஸ் கதையில் பானை மறுபடியும் கட்டிலுக்கு மேலே போய்விட்டது, உள்ளே தேனோடு.

தமிழ் உரைநடைக்குப் பஞ்சதந்திரம் வந்த வழியும் நேரானதல்ல. சென்னையில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்து 1826இல் வெளியிட்டார். அதே ஆண்டு பாரிஸில் அபே துபுவா தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துப் பிரெஞ்சில் ஒரு பஞ்சதந்திரம் வெளியிட்டார். 1870இல் லண்டனில் மாக்ஸ் முல்லர் நிகழ்த்திய உரை, பெர்ரெத்தின் பால் பானையிலிருந்து பின்னோக்கி நடந்து இந்தப் பிராமணனின் பானையைத் தொட்டது.

வழியெங்கும் இதற்கு வேறு வேறு நீதிகளை ஒட்டினார்கள். லா ஃபோந்தேன் மட்டும் பெர்ரெத்தைத் திட்டவில்லை. கனவு காணாத மனம் எது என்று கேட்டு, தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திக்கொண்டார். நம் சிறுவர் நூல்களோ கதைக்கு அடியில் 'நீதி: பகற்கனவு காணாதே' என்று கோடு போட்டு எழுதுகின்றன. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இதைச் சொல்லும்போது பானை உடைந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அது கேட்கட்டும்.