ஹப்பிளைக் காப்பாற்றிய கைகள்

ஹப்பிள் தொலைநோக்கியின் மங்கல் பார்வையைச் சிறு ஆடிகள் சரிசெய்தன என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். விண்கருவிகளின் நகரும் பாகங்களை வடிவமைப்பதே என் தொழில். என்னைப் பொறுத்தவரை அது பாதிக் கதை.

1990 ஏப்ரலில் ஹப்பிள் மேலே போனது. இரண்டே மாதத்தில் கோளாறு தெரிந்துவிட்டது. 2.4 மீட்டர் முதன்மை ஆடியின் விளிம்பு 2 மைக்ரானுக்குச் சற்று அதிகமாகத் தட்டையாகியிருந்தது. ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் விலகி அமர்ந்திருந்தது. கருவி காட்டியபடியே மிகத் துல்லியமாகத் தேய்த்திருந்தார்கள். வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. இந்தக் கோளாறு பற்றிய விசாரணை அறிக்கையில் என்னை இன்றும் உறுத்துவது இந்த இடம்தான்.

பிழை அத்தனை ஒழுங்காக இருந்ததால், எதிர்வளைவுள்ள ஆடிகளால் அதை ஈடுகட்டிவிடலாம். ஆனால் ஹப்பிளுக்குள் இருந்த மூன்று கருவிகளின் வாசலில், ஒளி வரும் வழியில், அவற்றை யார் கொண்டுபோய் நிறுத்துவது? ஜெர்மனியில் ஒரு விடுதிக் குளியலறையில், கம்பியில் ஏறியிறங்கும் ஷவரைப் பார்த்தபோது பொறியாளர் ஜிம் க்ராக்கருக்கு வழி தோன்றியது: மடங்கி உள்ளே போய், பிறகு விரியும் கைகள்.

அப்படிப் பிறந்ததுதான் கோஸ்டார். கொலராடோவில் பால் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்தது. ஒளியியல் அமைப்பை வகுத்தவர்களில் முக்கியமானவரான முர்க் பொட்டேமா, அது பறப்பதைப் பார்க்காமலே 1992-இல் காலமானார். கோஸ்டாருக்கு இடம்விட ஹப்பிளிலிருந்து வெளியேறிய அதிவேக ஒளிமானியில் நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. கோஸ்டாரின் உயிரே நகரும் பாகங்களில் இருந்தது. தொலைபேசிக் கூண்டு அளவுள்ள பெட்டியிலிருந்து ஒரு மேடை நீளவேண்டும். அதிலிருந்து கைகள் விரிந்து, நாணய அளவு ஆடிகள் பத்தை நிறுத்தவேண்டும். எதிலும் இடிக்கக்கூடாது, கூடவே வரவிருந்த புதிய கேமராவுக்குப் போகும் ஒளியை மறைக்கவும் கூடாது. கை சிக்கினால் போய் எடுத்துவிட ஆளில்லை.

அதனால் தரையிலேயே ஒரு பொய் ஹப்பிளைச் செய்தார்கள்: தொலைநோக்கியின் பொருத்துமிடங்களையும் அதன் பிழையான ஒளியையும் அப்படியே தரும் சிமுலேட்டர். கோஸ்டாரை அதில் பொருத்தி, கைகளை விரித்துப் பார்த்தார்கள். அதோடு விடவில்லை, அந்தச் சிமுலேட்டர் சொல்வது சரிதானா என்பதை இன்னொரு தனிக் கருவியால் சோதித்தார்கள். ஆடியைத் தேய்த்த காலத்தில் செய்யத் தவறியது இதைத்தான். இந்தப் பாடத்தை இவ்வளவு நேராகக் கற்றுக்கொண்ட வேறொரு திட்டத்தை நான் அறியேன்.

1993 டிசம்பரில் கேத்ரின் தார்ன்டனும் டாம் ஏக்கர்ஸும் விண்நடையில் பெட்டியை உள்ளே பொருத்தினார்கள். பின்னர் தரையிலிருந்து வந்த கட்டளைக்குக் கைகள் விரிந்தன, படங்கள் தெளிந்தன.

அடுத்து வந்த கருவிகள் திருத்தத்தைத் தங்களுக்குள்ளேயே கொண்டிருந்ததால், கோஸ்டாருக்கு மெல்ல வேலை இல்லாமல் போனது. 2009-இல் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஸ்மித்சோனியனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. அதைப் பார்க்க வாய்த்தால், ஆடிகளைத் தாங்கிய கைகளையும் ஒரு நிமிடம் பாருங்கள்.