லாரிப் போக்குவரத்தும் உரிமமற்ற வானொலிப் பயன்பாடும்

லாரி ஓட்டுநர்கள் உரிமம் பெறாமல் அமெச்சூர் வானொலிக்கு, அதாவது ஹாம் ரேடியோவுக்கு, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசிக்கொள்வது அமெரிக்காவிலும் பிரேசிலிலும் பல ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். அங்கு அதிகம் பாதிக்கப்படுவது 28.0 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 10 மீட்டர் பட்டை. இந்திய லாரித் தொழிலில் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையைக் கடக்கும் லாரிகளின் முகப்பில் நீண்ட ஆண்டெனாக் கம்பியைக் காண்பது அரிது. ஆனால் அத்துமீறலை உண்டாக்கும் மூன்று காரணிகளில் இரண்டு திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதியில் ஏற்கெனவே உள்ளன. பலர் ஒரே நேரத்தில் பேசிக் கேட்க வேண்டிய தொழில் தேவை ஒன்று. அதற்கேற்ற சட்டபூர்வமான வழி போதாமை மற்றொன்று. மூன்றாவது காரணியான மலிவுக் கருவி கடந்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே ஓட்டுநரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதைவிட, அவருக்குச் சட்டம் எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

அமெரிக்க அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாடு 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கென ‘சிட்டிசன் பேண்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசல் தட்டுப்பாடும், அதைத் தொடர்ந்து வந்த மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடும் லாரிக்காரர்களை நெருக்கின. எந்தப் பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்பதை முன்னால் போகும் வண்டி பின்னால் வருபவருக்குச் சொல்ல இந்தக் கருவிதான் உதவியது. கூட்டம் பெருகியதால் 1977இல் 23 சேனல்கள் 40 ஆக்கப்பட்டன. 1983இல் தனிநபர் உரிமமே தேவையில்லை என்றானது. அனுமதிக்கப்பட்ட ஆற்றல் மட்டும் வழக்கமான ஏ.எம். முறைக் குரல் ஒலிபரப்புக்கு 4 வாட் என்றே நின்றது. நெரிசலும் இரைச்சலும் மிகுந்த பட்டையில் 4 வாட் போதாது என்று நினைத்தவர்கள் கண்ணில் பட்டது, சற்று மேலே ஏறக்குறைய அமைதியாகக் கிடந்த 10 மீட்டர் பட்டை.

இங்கே வணிகத்தின் பங்கு ஓட்டுநரின் பங்கைவிடப் பெரியது. சிட்டிசன் பேண்ட் கருவிக்கு அரசின் தரச்சான்று வேண்டும். ஹாம் கருவிக்கு அத்தகைய சான்று தேவையில்லை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, உள்ளே ஓர் இணைப்பை மாற்றினால் 27 மெகாஹெர்ட்ஸிலும் பேசக்கூடிய கருவிகளை ‘10 மீட்டர் ஹாம் கருவி’ என்று முத்திரையிட்டு நெடுஞ்சாலைக் கடைகளில் விற்றார்கள். வாங்கியவர் கையில் இரண்டு பட்டைகளும் சேர்ந்தே வந்தன. 28.085 மெகாஹெர்ட்ஸ் லாரிக்காரர்களின் வழக்கமான சந்திப்பிடமாக ஆனது இப்படித்தான். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் நெடுஞ்சாலை ஓய்வகங்களை நடத்தும் பைலட் என்ற பெரிய நிறுவனத்துக்கு எதிராக 2004இல் 1,25,000 டாலர் அபராதத்தை முன்மொழிந்தது. தனித்தனி ஓட்டுநர்களைத் துரத்துவதைவிடக் கடையைப் பிடிப்பது பயன் தரும் என்பதை அந்த ஆணையம் உணர்ந்ததற்கு இது சான்று.

பிரேசிலில் கதை இன்னும் விசித்திரமானது. அமேசான் காட்டுச் சாலைகளில் தொலைபேசி எட்டாத தூரங்களில் ஓடிய லாரிக்காரர்களும் மரம் வெட்டுவோரும், 144 மெகாஹெர்ட்ஸ் ஹாம் கருவியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் சிறு சுற்றைச் சேர்த்து, அமெரிக்கக் கடற்படையின் பழைய செயற்கைக்கோள்களையே இலவசத் தொலைபேசியாக்கிக்கொண்டார்கள். 2009 மார்ச்சில் அந்நாட்டுக் கூட்டரசுக் காவல்துறை நடத்திய தேடுதலில் 39 பேர் சிக்கினர். தேவை இருந்து வழி இல்லாதபோது தொழில்நுட்ப அறிவு எப்படியாவது வந்துவிடுகிறது. பொறியியல் பட்டம் அதற்குத் தேவைப்படவில்லை.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிட்டிசன் பேண்ட், 2005இல் உரிமத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆற்றல் வரம்பு 5 வாட். ஏட்டளவில் அமெரிக்காவைவிடத் தாராளமாகத் தோன்றும் இந்த விலக்கில் ஒரு நிபந்தனை உண்டு: ஆண்டெனா கருவிக்குள்ளேயே அமைந்திருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி என்றாலே இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். உள்ளங்கை அளவுக் கருவிக்குள் சுருட்டப்பட்ட ஆண்டெனா, அதுவும் இரும்புத் தகட்டாலான லாரி கேபினுக்குள், பெரும்பகுதி ஆற்றலை வீணாக்கிவிடும். அமெரிக்க லாரியின் கண்ணாடிச் சட்டத்தில் நிற்கும் கம்பி இங்கே இந்த விலக்குக்குள் வராது. சட்டம் கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் சுவர் எழுப்பியது போன்ற நிலை இது. அதனால்தான் இரண்டு பத்தாண்டுகள் ஆகியும் அந்தப் பட்டை லாரித் தொழிலுக்குப் பயன்படவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியது செல்போன். 2003இல் உள்வரும் அழைப்புகள் கட்டணமற்றவையாக ஆன பிறகு அது ஓட்டுநரின் சட்டைப்பைக்குள் நுழைந்தது; பின்னர் வாட்ஸ்அப் குழுக்கள் வந்தன. லோடு எங்கே கிடைக்கும், பார்ட்டி பணம் போட்டாரா என்பதற்கெல்லாம் செல்போனுக்கு இணையே இல்லை. அப்படியானால் வானொலி எதற்கு என்ற முதல் மறுப்பு நியாயமானதுதான். தனித்து ஓடும் லாரியைப் பொறுத்தவரை அதை முழுமையாக ஏற்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டிப் பகுதியின் போக்குவரத்து தனி லாரிகளால் மட்டும் ஆனதல்ல. சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகள், தேர்வாய் கண்டிகையின் தொழிற்சாலைகள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவற்றுக்கு இடையே டிரெய்லர்களும் கண்டெய்னர்களும் ஓயாமல் போய்வருகின்றன. அளவுக்கு மீறிய நீளமோ அகலமோ கொண்ட சரக்கை ஏற்றிய டிரெய்லர், முன்னும் பின்னும் பைலட் வண்டிகளோடு மீஞ்சூர்ச் சாலையில் திரும்பும்போது, மூன்று வண்டிகளும் ஒரே நொடியில் ஒரே குரலைக் கேட்டாக வேண்டும். எண்ணை அழுத்தி, மணியடித்து, எடுத்துப் பேசும் கருவி அந்த வேலைக்கு ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பின் கையில் ஏந்திய தகவல்தொடர்புக் கருவியோடு வண்டி ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதல் பட்டியலில் சேர்த்திருப்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

இத்தகைய இடத்துக்குத்தான் சீனத் தயாரிப்பான மலிவு வாக்கி-டாக்கிகள் பொருந்துகின்றன. பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற ஒரு கைக்கருவி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 400 முதல் 520 வரையிலும் எங்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பும். இந்தியாவில் ஹாம்களுக்கான, அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களுக்கான, 144–146, 434–438 பட்டைகள் இரண்டும் அதற்குள் அடக்கம். கப்பல்களின் அவசர அழைப்புக்கான 156.8 மெகாஹெர்ட்ஸும் அடக்கம். பெட்டியைப் பிரித்துப் பொத்தானை அழுத்துபவருக்குத் தாம் யாருடைய இடத்தில் பேசுகிறோம் என்பதே தெரியாது. உரிமம் தேவைப்படாத கைக்கருவிகளுக்கென 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் பகுதி இந்தியாவில் இருக்கிறது. ஆனால் விற்பனைப் பக்கங்களில் இந்த வேறுபாடு சொல்லப்படாமலேயே போனது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 13 இணையவணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, அந்த மாத இறுதியில் வாக்கி-டாக்கி விற்பனைக்கான நெறிமுறைகளையும் வெளியிட்டது. அமெரிக்கா 2004இல் நெடுஞ்சாலைக் கடைக்குச் செய்ததை இந்தியா 2025இல் இணையக் கடைக்குச் செய்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஹாம் பட்டைகள் பெரும்பாலான நேரம் வெறுமையாகக் கிடக்கின்றன. பொழுதுபோக்குக்காரர் சிலருக்கு ஒதுக்கிய இடத்தை, வயிற்றுப்பாட்டுக்கு ஓடும் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தினால் என்ன? ஆனால் அந்த வெறுமை என்பது பெரும்பாலும் கேட்கும் கருவியின் செவிட்டுத்தன்மை. ஹாம்கள் கேட்பது பலவீனமான சமிக்ஞைகளை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் ஏவிய ஹாம்சாட் என்ற செயற்கைக்கோள் இதற்கு நல்ல உதாரணம். அது தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸில் பேச்சை வாங்கி 145.9 மெகாஹெர்ட்ஸில் திருப்பியனுப்பியது. 2014 வரை உழைத்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அத்தகைய மெல்லிய ஒலியை, அருகிலுள்ள யார்டில் ஒருவர் 5 வாட் கருவியில் ‘ரிவர்ஸ் வா, வா’ என்று கத்துவது முற்றாக மூழ்கடித்துவிடும். கத்துபவர் காதுக்கு அந்த அலைவரிசை கடைசிவரை காலியாகவே இருக்கும். தவிர, 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தியது. புயலும் வெள்ளமும் வழக்கமாகிவிட்ட கடலோர மாவட்டத்தில் இந்த ஏற்பாட்டைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவது அவசரத் தீர்ப்பு.

அப்படியானால் ஓட்டுநர்கள் ஹாம் தேர்வை எழுதி உரிமம் பெறட்டுமே என்பார்கள். 12 வயது நிரம்பியவர்கூட எழுதலாம் என்பதால் இது எளிய தீர்வாகத் தோன்றும். தோற்றம்தான். அமெச்சூர் சேவை என்பது பண நோக்கமற்ற தனிப்பட்ட ஆர்வத்துக்கு உரியது என்று சர்வதேச விதிகளே வரையறுக்கின்றன. இந்தியாவின் 1978ஆம் ஆண்டு விதிகளும் அதே வழியில் செல்பவை. உரிமம் பெற்ற ஹாம் ஒருவரே லாரி ஓட்டினாலும், சரக்கைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ அந்த அலைவரிசையில் பேச முடியாது. ஆகவே இது ஓட்டுநருக்கு வழியே ஆகாது. நிறுவனங்கள் தமக்கென அலைவரிசை பெறும் உரிமம் இருக்கிறது; கட்டணமும் அலைச்சலும் பெரிய ஆலைக்குத் தாங்கும். ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தாமே ஓட்டி, தவணை கட்டும் உரிமையாளருக்குத் தாங்காது.

பாதுகாப்பை முன்வைக்கும் மறுப்பும் உண்டு. விண்வெளி ஏவுதளம், அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், மாநில எல்லை எல்லாம் அருகருகே உள்ள பகுதியில் வானொலியைப் பரவலாக்கலாமா? 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கருவியை வைத்திருப்பதையே உரிமத்துக்கு உட்படுத்தியது. அதன் இடத்தை நிரப்ப வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் உரிமமற்ற பயன்பாட்டை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கவலையைக் கேலி செய்ய முடியாது. ஆனால் சிட்டிசன் பேண்டில் பேசப்படுவதை யாரும் கேட்கலாம், காவல்துறை உட்பட. மறைக்க விரும்புபவர் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார், கைபேசியில் குறியாக்கச் செயலியைத் திறப்பார். உண்மையான ஆபத்து கட்டுப்பாடின்றி எல்லா அலைவரிசைகளிலும் பாயும் கைக்கருவியில்தான் இருக்கிறது. லாரிக்கு ஏற்ற சட்டபூர்வமான சேனல் இல்லாத வரை அந்தக் கருவிக்குத் தேவை குறையாது.

கடல் பக்கம் பார்த்தால் இந்த வாதம் வலுப்பெறுகிறது. பழவேற்காட்டிலிருந்து புறப்படும் மீன்பிடிப் படகுக்கு உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட கடல்சார் அலைவரிசைகள் உள்ளன. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் தகவல்தொடர்புக் கருவிகளை மீனவருக்கு அரசே வழங்கியது. சற்றுத் தள்ளி நெடுஞ்சாலையில் 40 டன் இரும்போடு ஓடும் வண்டிக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. இதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. 2005ஆம் ஆண்டு விலக்கில் உள்ள ஆண்டெனா நிபந்தனையைத் திருத்தி, வாகனத்துக்கு வெளியே கம்பி பொருத்தவும் வரம்புக்குட்பட்ட ஆற்றலில் பேசவும் அனுமதித்தால் போதும். அதோடு, ஹாம் பட்டைகளில் ஒலிபரப்பும் கைக்கருவியை உரிம எண் கேட்காமல் விற்பவர் மீது அபராதம் விழ வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் எளாவூர்ச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கைக்கருவியைப் பறிமுதல் செய்வது மட்டும் நடவடிக்கை என்றால், தண்டனை தவறான ஆளுக்கே போய்ச் சேரும்.