கீழ்த்தளத்துக் கறுப்பு சைக்கிளும் அதன் பிரேக்கும்

சென்ற காலாண்டில் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒட்டிய அறிவிப்பு நினைவிருக்கும்: யாரும் உரிமை கோராத சைக்கிள்கள் மாத முடிவில் பழைய இரும்புக்குப் போகும். மூன்றாவது தூணருகில் தூசி படிந்து நின்ற கறுப்பு சைக்கிள் என் அப்பாவுடையது. இப்போது அது ஓடுகிறது. ஆனால் வந்து பார்த்த பெரியவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: “கம்பி பிரேக்கை ஏன் சார் கழற்றிட்டீங்க?”

அதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெரிய முன்சக்கரமும் திட ரப்பர் டயருமாக சைக்கிள் ஓடிய காலத்தில், பிரேக் என்பது கரண்டி போன்ற ஒரு தகடு. அது டயரின் மேலேயே அழுந்தும். 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்மேல் இரும்பைத் தேய்த்தால் டயர் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே பிரேக் மெல்ல மெல்ல ரிம்முக்கு இறங்கியது. 1896-ல் எர்னஸ்ட் பௌடன், உறைக்குள் ஓடும் கேபிளுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கேபிள் வந்துவிட்டது, ஆனாலும் நம் அப்பாக்களின் சைக்கிளில் கம்பிதான் இருந்தது.

காரணம் எளிது. கம்பி நைந்து அறுவதில்லை, உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்வதும் இல்லை. மண் சாலையில் அரிசி மூட்டையோடு போகும் வண்டிக்கு, எந்த ஊர்க் கடையிலும் ஸ்பானர் வைத்துச் சரிசெய்யக்கூடிய பிரேக் வேண்டும். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் சைக்கிள்கள் அப்படித்தான் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வந்தன. 1949-ல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸை இங்கேயே செய்ய ஆரம்பித்தபோதும் அதே வடிவம் தொடர்ந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மைப் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. உள்பக்கமாக, அச்சைப் பார்த்த முகத்தில் அழுத்துகிறது. அதற்கென்றே ஓரம் உருண்ட வெஸ்ட்வுட் ரிம். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். நம் சரிவுப் பாதை எங்கே முடிகிறதென்று உங்களுக்குத் தெரியும்: மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தில். இந்தச் சைக்கிளில் ரயில் நிலையம் வரை போகப்போவது என் மகள். அதனால்தான் மாற்றினேன்.

ஆனால் பிரேக்கை மட்டும் மாற்ற முடியாது. வெஸ்ட்வுட் ரிம்மில் கேபிள் பிரேக்கின் கட்டை பிடிக்கத் தட்டையான பக்கமே கிடையாது. ஆக, அலுமினிய ரிம் போட்டோம். பழைய சக்கரத்தின் ரிம் அளவு 635 மி.மீ.; புதியது 622. விட்டத்தில் 13 குறைந்தால் ஆரத்தில் ஆறரை. ஃபோர்க் தலையிலுள்ள துளையிலிருந்து பிரேக் கட்டை தொட வேண்டிய இடம் வரை அளந்தேன்: முன்னே 68 மி.மீ., பின்னே 72. கடையில் காட்டிய இன்றைய பிரேக்குகள் எதுவும் அத்தனை தூரம் இறங்கவில்லை.

மெக்கானிக் தம்பி ஒரு வழி சொன்னார்: ஃபோர்க்கில் வேறு தகடு பற்றவைக்கலாம், பின்பக்கத் துளையை 8 மி.மீ. ஆக்கலாம். இன்றைய பிரேக்கின் நட்டு ஃபோர்க்குக்குள் புதைந்து உட்காரும், அதற்கு அந்தத் துளை தேவை. அப்பாவின் ஃபோர்க்கைத் துளைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பிரேக்குக்கோ 6 மி.மீ. நீள போல்ட்டும் வெளியே ஒரு நட்டும் போதும். மட்கார்டு போல்ட் இருந்த துளையே போதுமானதாக இருந்தது.

பழைய பிரேக் என்றால் எது? பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் மாஃபாக், சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் வைன்மான் என்று இரண்டு நிறுவனங்கள் நடுவில் இழுக்கும் பிரேக்குகளுக்குப் பேர்போனவை. 1960-கள், 70-களில் வெளிநாட்டு கியர் சைக்கிள்கள் ஏராளமானவற்றில் வைன்மான்தான். அந்தக் காலத்து டயர் பெரியது, மட்கார்டும் உண்டு, அதனால் கைகளும் நீளம். வைன்மான் தன் பிரேக்குக்கு வைத்த எண்ணே அதன் எட்டும் தூரம்: 610 என்றால் அதிகபட்சம் 61 மி.மீ., 750 என்றால் 75. எனக்கு வேண்டியது 750. லண்டனிலிருந்து வந்த மைத்துனர் பழைய ஜோடி ஒன்றை வாங்கிவந்தார்.

கம்பியோடு சேர்ந்தே வந்த பிடிகளைக் கழற்ற முடியாததால் ஹேண்டில்பாரும் மாறியது. நடுவில் இழுப்பதால் கேபிள் உறை நிற்க முன்னும் பின்னும் ஒரு கொக்கி வேண்டும். அதற்கே இரண்டு வாரம் அலைந்தேன். அந்தக் கட்டைகள் கல்லாக இறுகியிருந்தன, புது ரப்பர் போட்டோம்.

அங்கேதான் தவறு செய்தேன். கட்டை உட்காரும் கூட்டுக்கு ஒரு முனை மூடி, மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை முன்னோக்கி இருக்க வேண்டும். நான் திருப்பிப் போட்டுவிட்டேன். பார்க்கிங்கில் இரண்டாவது சுற்றில் பிரேக் பிடித்ததும் ரப்பர் நழுவித் தரையில் விழுந்தது. சமதளமாக இருந்ததால் தூணில் கைவைத்து நிறுத்தினேன்.

கம்பிகளையும் பழைய ரிம்களையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் ஒரே நாளில் திரும்பப் பூட்டிவிடலாம். ஏழாவது தூணருகில் இன்னொரு கம்பி பிரேக் சைக்கிள் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் ஞாயிறு காலை ஒரு ஸ்கேலோடு வந்தால் சேர்ந்து அளந்து பார்க்கலாம்.