ஃப்ளைட் சிமுலேட்டர் நிஜமா, டூப்பா? மூக்கை இறக்கிப் பாருங்க!

போர் விமான சிமுலேட்டரில் கிராஃபிக்ஸ் பளபளன்னு இருந்தா மட்டும் போதாது பாஸ்! எடை, வேகம், இறக்கையின் கோணத்தை வைத்து விமானம் எப்படிப் பறக்கும் எனக் கணக்குப் போடும் 'ஃப்ளைட் மாடல்'தான் அதன் உயிர்.

உதாரணம், 1940 பிரிட்டன் வான்போர். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினில் இருந்தது கார்புரேட்டர். மூக்கைச் சட்டெனக் கீழே இறக்கினால் எரிபொருள் வரத்து தடுமாறி, இன்ஜின் விக்கும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட ஜெர்மனியின் மெசர்ஸ்மிட் 109 நேராக டைவ் அடித்து எஸ்கேப்! துரத்தும் ஸ்பிட்ஃபயரோ தலைகீழாகப் புரண்டுதான் இறங்கணும். 1941-ல் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், சின்ன உலோகத் தடுப்பு ஒன்றைப் பொருத்தி இதைப் பெருமளவு சரிசெய்தார்.

2011-ல் வெளியான 'ஐஎல்-2: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' இந்த விக்கலையும் அப்படியே தருகிறது. விமானத்தோட வீக்னஸையும் மறைக்காததுதான் நல்ல சிமுலேட்டர்!