அறுவை: ஒரு சொல்லின் வரலாறு

சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் உண்டு. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு ஆகிய நான்கு தொகைகளிலும் அவர் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. இன்று வகுப்பறையில் அப்பெயரை உரக்கப் படித்தால் மாணவர் சிரிப்பர். சிலர் அவரை மருத்துவர் என்பர். சிலர் நீண்ட நேரம் பேசிப் பிறரை வதைப்பவர் என்பர். அவர் விற்றது துணி. கூல வாணிகர் சாத்தனார் தானியம் விற்றது போல, இவர் ஆடை விற்றார்.

நூல் என்ற சொல்லின் இருபொருளைப் பற்றி நன்னூலார் காலம் முதல் பேசப்பட்டு வந்துள்ளது. பஞ்சு இழையாவதையும் சொல் நூலாவதையும் பவணந்தியார் ஒப்பிட்ட பின்னர், அது பட்டிமன்றம் வரை வந்து பழகிப்போன செய்தி. அறுவைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஆயின் அதன் பயணம் நூலினுடையதைக் காட்டிலும் விந்தையானது.

மதுரையைச் சுற்றிப் பார்க்கும் கோவலன், ஊர்காண் காதையில் மணி வீதியையும் பொன் வீதியையும் கடந்து அறுவை வீதிக்கு வருகிறான். பருத்தி நூல், மயிர், பட்டு என மூவகையாலும் நெய்த மடிகள் அங்கே நூறு நூறாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு அடுத்தது கூல வீதி. ஆக அறுவை என்பது புலவர் மட்டும் அறிந்த அருஞ்சொல் அன்று. ஒரு கடைவீதிக்கே பெயராய் நின்ற வழக்குச்சொல்.

பொருநராற்றுப்படையில் அச்சொல் வருமிடம் இன்னும் அழகியது. கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்திருப்பது கந்தல். அதில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன. வியர்வையால் நனைந்து, வேற்று நூலால் தைத்துத் தைத்து, முதலில் இருந்த நூல் எதுவென்றே தெரியாத நிலை. அதனைக் களைவித்து மன்னன் தரும் அறுவை, பாம்பின் தோலுரி போன்றது. இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையுடையது. தோலுரி என்ற உவமையில் நுண்மை மட்டுமா இருக்கிறது? பாம்பு பழந்தோலை நீக்குவது போல வறுமையை நீக்கிய செய்தியும் முடத்தாமக் கண்ணியாரின் எண்ணத்தில் இருந்திருக்கலாம். உவமை ஆடைக்குத்தான் என்று வற்புறுத்துவோரை மறுக்கவும் இயலாது.

அறு என்னும் வினையடியிலிருந்து அறுவை வந்தது; அறுக்கப்பட்டது என்பது அதன் நேர்பொருள். நெசவின் முறையை அறிந்தால் இப்பெயர் வியப்பளிக்காது. தறியில் ஏற்றும் பாவு நீளமானது. ஒரே பாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆடைகள் நெய்யப்படும். அறுத்து எடுக்கும்வரை அது ஆடையன்று, தறியின் ஒரு பகுதியே. அன்று பெரும்பாலும் தைக்காமலே உடுத்தினர்; ஆதலால் அறுக்கும் அந்த ஒரு செயலே ஆடையைப் பிறப்பித்தது.

துணி, துண்டு என்பனவும் இவ்வழிப்பட்டவையே. துணித்தல் என்றால் வெட்டுதல். வேட்டியையும் வெட்டிலிருந்து பிறந்ததென்பார் உளர். வேட்டனம் என்பதனோடு இயைப்பாரும் உளர். கூறுபடுத்தப்பட்டது என்ற பொருளில் கூறை அமைந்தது. இன்று அது திருமணப் புடவைக்கும், மயிலாடுதுறையின் கூறைநாட்டுக்கும் சுருங்கிவிட்டது. கூறு என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டே என்று கவிஞர் ஒருவர் ஆசைப்படக்கூடும்; ஒலி ஒத்தது கொண்டு வேரும் ஒன்றெனத் துணிந்துவிடலாகாது.

துணிந்துவிடலாகாது என்னும்போதே உருவகம் வந்து நிற்கிறது. சங்கப் பாடல்களில் துணிநீர் என்றால் கலங்கல் நீங்கித் தெளிந்த நீர். ஐயம் அற்றுப்போன மனநிலை துணிவு. மன்னனிடம் நீங்காதிருக்க வேண்டிய மூன்றனுள் ஒன்றாக வள்ளுவர் அதனை வைக்கிறார். அறு என்னும் அடியும் இதே வழியில் சென்று அறுதி என்ற சொல்லைத் தந்தது. முடிவு செய்வதை அறுதியிடுதல் என்கிறோம். தறியிலிருந்து ஆடையைப் பிரிப்பதும் ஐயத்திலிருந்து கருத்தைப் பிரிப்பதும் தமிழர்க்கு ஒரே வினையாகத் தோன்றியிருக்கின்றன. வீரத்தைத் துணிவு என்பது பிற்பட்ட விரிவு, அடிப்பொருள் தெளிவே.

அறு என்னும் வினை மருத்துவத்திலும் பழமையானது. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் நோயாளி மாறாக் காதல் கொள்வதைக் குலசேகர ஆழ்வார் பாடியுள்ளார். ஆனால் அறுவை என்ற பெயரை அத்தொழில் பெற்றது அண்மைக் காலத்தில்தான். சத்திர சிகிச்சை, ரண சிகிச்சை என்பன வழங்கிய இடத்தில் தமிழகத்தில் அறுவைச் சிகிச்சை அமர்ந்தது. இலங்கையில் சத்திரசிகிச்சை இன்றும் வழக்கில் உள்ளது. புதுச்சொல் ஆக்கியோர் பழைய ஆடைப்பெயரை மனத்திற் கொண்டு ஆக்கவில்லை. வினையடியிலிருந்து புதிதாகவே ஆக்கினர். எனவே இதனைப் பொருள் மாற்றம் என்பதைவிட, ஒரே அச்சில் இருமுறை வார்த்த இரு சொற்கள் என்பதே பொருந்தும்.

மூன்றாவது வார்ப்பு கல்லூரி வளாகங்களுக்கும் திண்ணைப் பேச்சுக்கும் உரியது. சலிப்பூட்டும் பேச்சைக் கழுத்தறுப்பு என்றவர்கள், பின்னர் அறுவை என்றார்கள், ரம்பம் என்றார்கள், பிளேடு என்றும் சொன்னார்கள். தூய தமிழ் விரும்புவோர் இதனை இழிவழக்கென ஒதுக்குவர். ஆனால் பேசுவோன் தன் சொல்லால் கேட்போனை அறுக்கிறான் என்பதில் உள்ள கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆடைப்பொருள் மட்டும் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியபோது அது ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுப் பக்கத்துக்கு வந்தது, கடைவீதிக்குத் திரும்பவில்லை. அங்கே துணிக்கடை என்றும் ஜவுளிக்கடை என்றும் பலகை தொங்குகிறது. முன்னதில் துணித்தல் என்னும் பழைய வினை இருப்பதைக் கடைக்காரர் நினைப்பதில்லை; கத்தரிக்கோலால் துணியைச் சற்றே நறுக்கி, இரு கையாலும் பிடித்துச் சர்ரெனக் கிழித்துத் தருகிறார்.