லெட்ஜரிலிருந்து கணிப்பொறிக்கு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். "கல்லூரி நினைவுகளை எல்லாரும் எழுதுறாங்க சார், நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்றார்கள். சரி, நாற்பத்தேழாவது வயதில் நான் மறுபடியும் மாணவனான கதையைச் சொல்கிறேன். அது நம் நாட்டு வங்கிகளின் கதையும்கூட.

1970-இல் நம் கல்லூரியில் பி.காம். முடித்து, 1972-இல் ஓர் அரசு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தேன். என் பக்கத்து பெஞ்சு நண்பனும் அதே வங்கியில் சேர்ந்தான். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனதைத் தொடர்ந்து, ஊருக்கு ஊர் கிளைகள் திறந்துகொண்டிருந்த நேரம் அது.

அன்று எல்லாமே லெட்ஜர்தான். செக்கை வாங்கி, டோக்கன் கொடுத்து, லெட்ஜரில் பதிந்து, அதிகாரி கையெழுத்தாகி, அது பணமாக மாற அரை மணி நேரம் ஆகும். சேமிப்புக் கணக்கு வட்டி போடுவது தனிப் பாடு. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்பைப் பக்கம் பக்கமாகத் தேடி எடுக்க வேண்டும். என் நண்பன் இதில் சூரன். கணக்கு டேலி ஆகவில்லை என்றால், "அவனைக் கூப்பிடுப்பா" என்பார் மேனேஜர்.

கணிப்பொறி வந்த வழி லேசானதல்ல. வேலை போய்விடும் என்று சங்கங்கள் அஞ்சின. நானும் கொடி பிடித்தவன்தான்! 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இயந்திரமயம் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984-லும் 1989-லும் அறிக்கை கொடுத்தன. 1993 ஒப்பந்தம் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது.

எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1996-இல். ஏ.சி. அறை; வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கர்ப்பக்கிரகம் மாதிரி! எனக்குக் கற்றுக்கொடுத்தது, நம் கல்லூரியிலேயே பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு வந்த, என் மகள் வயதுப் பெண். "தொட்டா ஒண்ணும் ஆகாது சார், தைரியமா தட்டுங்க" என்றாள். விரலை வைத்ததும் ஓர் ஆச்சரியம். கல்லூரி நாளில் மாலை வேளையில் படித்த டைப்ரைட்டிங் லோயரின் எழுத்து வரிசைதான் அங்கேயும்! 1874-இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் வரிசை, அடிப்படையில் மாறாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. பாதி பயம் போயிற்று.

மீதி பயம் ஒரு தப்பில்தான் போனது. லெட்ஜரில் பக்கத்தைத் திறந்தால் பெயர் கண்ணில் படும். இங்கே எண்ணைத் தட்டினால் போதும். ஒருநாள் ஓர் எண்ணை மாற்றித் தட்டி, ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் சரிபார்க்கும்போது அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். திட்டவில்லை. "என்டர் தட்டுறதுக்கு முன்னாடி பேரைப் படிச்சுடுங்க சார்" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

என் நண்பன் அந்த அறைக்குள் வரவே இல்லை. "இந்தப் பெட்டி கூட்டினா நமக்கு இங்க என்னடா வேலை?" என்பான். 2000-01-இல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களில் அவனும் ஒருவன். மாலை போட்டு அனுப்பிவைத்தோம்.

நான் 2010-இல் ஓய்வு பெற்றேன். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின்மீது வட்டி கணக்கிட வேண்டும் என்றானது. லெட்ஜர் காலத்தில் எந்தக் கிளையாலும் முடியாத காரியம் அது. பெட்டி நம் வேலையைப் பறிக்க வந்தது என்று நினைத்தோம். நம்மால் செய்ய முடியாததையும் அது செய்தது.

2017-இல் ஒருநாள் நண்பன் வீட்டுக்கு வந்தான். "டேய், செல்போன்ல பணம் அனுப்பச் சொல்லிக் குடுடா" என்றான். திண்ணையில் உட்கார்ந்து பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெண் சொன்னதையே சொன்னேன்: "அனுப்புறதுக்கு முன்னாடி பேரைப் படி." பதினோராம் நாள் எனக்கே ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு யாராவது இப்படிப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா நான் வேலையை விட்டிருக்க மாட்டேன்டா."

எனக்குப் பதில் வரவில்லை. அந்த 'யாராவது' நானாக இருந்திருக்கலாம். எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே பத்தடிதான் தூரம்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ அத்தையோ போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கலாம். பிடுங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் விரலே தட்டட்டும்.

என் சக தோழர்களே, வயது ஒரு தடையே இல்லை. கூச்சம்தான் தடை. தைரியமாகத் தட்டுங்கள். ஆனால், பேரைப் படித்துவிட்டு!